வில்லனுக்கு விழுந்த மாலை

அவனிடம் தோற்பது என் வேலையாக இருந்தது. சும்மா சொல்லவில்லை, நன்றாகவே தோற்பேன். இன்றைக்குச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அரங்கம் நிறையச் சனம் கூடி அவனைப் பார்த்து ஊளையிடுகிறது. அவன் முகம் அச்சடித்த பனியனைப் போட்டுக்கொண்டு எங்கள் தெருப் பொடியன்களே சைக்கிளில் திரிகிறார்கள். அவர்களிடம், உந்த ஆள் முதன்முதலில் தூக்கி அடித்தது என்னைத்தான் என்று சொன்னால், என் வயிற்றை ஒருதரம் பார்த்துவிட்டு, “ஓம் அண்ணை” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நம்பவில்லை என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

ரிவியில் வருகிற ரெஸ்லிங்கைத்தான் சொல்கிறேன். யார் வெல்வது, யார் தோற்பது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு இறங்குவது. “அப்ப அது பொய்தானே?” என்று கேட்கிற மனிதர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். முடிவுதான் பேசிவைத்தது. விழுவது உண்மையாகவே விழுவது. நாடியை நெஞ்சோடு சேர்த்து, மூச்சை வெளியே விட்டு, இரண்டு உள்ளங்கையாலும் பலகையை அறைந்து விழவேண்டும். அதில் ஒன்று பிசகினாலும் அடுத்த நாள் கழுத்தைத் திருப்ப ஏலாது. கேட்கிறவர்களை ஒருதரம் விழுந்து காட்டச் சொன்னால், எல்லாருக்கும் திடீரென்று வேறு வேலை வந்துவிடும்.

அவன் நீர்வேலிக்காரன். வீட்டில் வாழைத்தோட்டம். குலைகளைத் தோளில் தூக்கி லொறியில் அடுக்கி அடுக்கி அவனுக்குக் கழுத்தும் தோளும் ஒன்றாகிவிட்டிருந்தன. நான் குருநகர், கடற்றொழில் ஊர். கடலுக்குப் போகாமல் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவன். ரவுனில் ஒரு ஜிம்மில்தான் பழக்கம். மூன்றாவது ஆள் ஒரு ரியூட்டறியில் கணிதம் படிப்பிக்கிற மாஸ்ரர். அவருக்கு உடம்பு இல்லை, ஆனால் ரெஸ்லிங் பைத்தியம் எங்கள் இரண்டு பேரையும்விட அதிகம். எனவே அவர் நடுவர்.

நீர்வேலியில் அவனுடைய மாமாவின் குலை ஏற்றுகிற கொட்டகை ஒன்று இருந்தது. அதில்தான் மேடை அடித்தோம். கீழே பழைய லொறி ரயர்கள், அதற்கு மேல் பனம்பலகை, அதற்கு மேல் ஒரு முழம் உயரத்துக்கு வாழைச் சருகு, எல்லாவற்றையும் இழுத்து மூடி, தார்ப்பாய் மாதிரி ஒரு படங்கு. சுற்றிவரக் கட்டிய கயிறு என் பங்கு. வள்ளத்து நைலோன் கயிற்றைத் தண்ணீர் விடுகிற குழாய்க்குள் கோத்து இழுத்துக் கட்டினேன். முதல் மழைக்கே சருகு அழுகி நாறத் தொடங்கியது. அந்த நாற்றத்தில்தான் நாங்கள் கலை வளர்த்தோம்.

அவனிடம் ஒரு விசயம் இருந்தது. என்னைத் தலைக்கு மேலே தூக்கி நிலத்தில் அறைவான். பார்க்கிறவனுக்கு, இவன் செத்தான் என்று இருக்கும். ஆனால் நான் நிலத்தைத் தொடுகிற கணத்தில் என் பிடரிக்குக் கீழே அவனுடைய உள்ளங்கை இருக்கும். ஒவ்வொரு முறையும் இருக்கும். பார்க்க வந்த ஒருவரும் அந்தக் கையைக் கண்டதில்லை. காணக்கூடாது என்பதுதான் தொழில். பெரிய பெரிய ஆட்கள் ஆடுகிற வீடியோக்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன், எதிராளியின் தலையை அப்படித் தாங்குகிற ஒருவனை நான் இன்னும் பார்க்கவில்லை. என் நண்பன் என்பதற்காகச் சொல்லவில்லை. என்னுடைய பிடரி சொல்கிறது.

அவன் வில்லன், நான் கதாநாயகன் என்று முடிவு செய்தது மாஸ்ரர். அவனுடைய உடம்புக்கு வில்லன்தான் சரி என்றார். கணக்குச் சரிதான். ஆனால் முதலாவது ஆட்டம் அவனுடைய ஊரிலேயே, ஒரு விளையாட்டுக் கழகத்து விழாவில் நடந்தது. பார்க்க வந்ததில் பாதி அவனுடைய சொந்தக்காரர், மீதி அவர்களிடம் வாழைக்குட்டி வாங்குகிறவர்கள். அவன் என் நெஞ்சில் காலை வைத்து மிதிக்க, கைதட்டல். நான் எழும்பி அவனை ஒரு தள்ளுத் தள்ள, “ஆரடா உவன், எங்கடை பிள்ளையிலை கை வைக்கிறவன்?” என்று ஒரு கிழவர் கதிரையை விட்டு எழும்பினார். இடையில் ஒரு மாமி வந்து, வில்லனுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். அவன் அதைக் குடித்துவிட்டு, “மாமி, அவனுக்கும் ஒண்டு வெட்டுங்கோ” என்றான். அத்தோடு அவனுடைய வில்லத்தனம் முடிந்தது.

தெல்லிப்பழையில் இரண்டாவது ஆட்டம். அங்கே சொந்தக்காரர் இல்லை. ஆனால் அவன் முறைத்துப் பார்த்தால் பிள்ளைகள் சிரித்தார்கள். முகவாகு அப்படி. கோபப்பட்டால், பசியோடு இருக்கிறவனைப் போல இருப்பான்.

அந்த ஆட்டத்தை மாஸ்ரர் வீடியோவாக எடுத்து இணையத்தில் போட்டார். அதைப் பார்த்துவிட்டுச் சென்னையில் ரெஸ்லிங் நிகழ்ச்சிகள் நடத்துகிற ஒருவர் அழைத்தார். கொட்டகையில் படங்குக்கு மேல் ரெலிபோனை வைத்து, மூன்று பேரும் சுற்றிவர இருந்து கேட்டோம்.

“தம்பி, உடம்பு இருக்கு. விழுறதுக்குக்கூட பக்கத்துல நல்ல ஆளு இருக்கான். எனக்கு வில்லன் ஒருத்தன் வேணும். ஆனா உன்னப் பாத்தா ஒருத்தனுக்கும் கோவம் வர மாட்டேங்குதே.”

காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுகிறது, கோயில் பார்க்க அந்தப் பக்கம் வரப்போகிறேன், ஒரேயொரு ஆட்டம் நேரில் பார்க்கிறேன் என்றார். சனம் அவனை உண்மையாக வெறுத்தால் கூட்டிக்கொண்டு போவேன், இல்லையென்றால் என்னை மறந்துவிடு என்றும் சொன்னார். மனிதர் ஒளித்துப் பேசத் தெரியாதவர். எனக்கு அந்தக் குணம் பிடித்தது.

ரெலிபோனை வைத்த பிறகு அவன் படங்கை இழுத்துச் சரிசெய்யத் தொடங்கினான். மாமாவின் பையன் கனடாவில் இருந்து வந்தால் கொட்டகை போய்விடும் என்பதும், தகப்பன் அவனை லொறி ஓட்ட நிற்கச் சொல்லி நெருக்குகிறார் என்பதும் எங்களுக்குத் தெரியும். அந்த ஓர் ஆட்டத்தில் சனம் அவனை வெறுக்காவிட்டால், அவன் வாழைக்குலையோடுதான் வாழவேண்டும். வாழைக்குலையில் குறை ஒன்றும் இல்லை. அவனுக்கு அது வேண்டாம், அவ்வளவுதான்.

என்னுடைய ஊரில் வைப்போம் என்றேன். அங்கே நான் வீட்டுப் பிள்ளை, அவன் வெளியூர்க்காரன். எங்கள் வேதக்கோயில் பெருநாளின் கடைசி நாள் இரவு நாட்டுக்கூத்து நடக்கும். அதற்கு முன்னால், பின்னேரம், அதே கோயில் வளவில் எங்களுக்கு இடம் தரும்படி பங்குச் சுவாமியிடம் கேட்டேன். “இரத்தம் கித்தம் வருமோ?” என்றார். வராது என்றேன். “அப்ப, நேரத்தோடை முடியுங்கோ” என்றார்.

வெறுக்க வைக்கிறதற்கு ஒரு சுகமான வழி இருந்தது. அதைச் சொன்னவன் நான். மேடையில் ஏறினவுடனே மூக்கைப் பொத்து, மீன் நாறுது என்று மைக்கில் சொல்லு, அவ்வளவு போதும், மிச்சத்தை எங்கள் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றேன். மாஸ்ரரும் தலையாட்டினார். அவன் குனிந்து கயிற்றின் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தவன், நிமிரவே இல்லை.

“அது வேசம் இல்லை மச்சான். உண்மையிலேயே அப்பிடிச் சொல்லுற சனம் எங்கடை பக்கத்திலை இருக்கு. அதைச் சொல்லி வாற கோவம் எனக்கு வேண்டாம்.”

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. என் ஊரை நானே விற்கத் தயாராக நின்றேன், நீர்வேலிக்காரன் விடவில்லை. அவன் பெரிய ஆள் ஆகப்போகிறான் என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான். தூக்கி அடிக்கிற கெட்டித்தனத்தைப் பார்த்து இல்லை.

பெருநாள் அன்று சனம் கட்டுக்கடங்காமல் வந்துவிட்டது. சென்னைக்காரர் முன் வரிசையில் இருந்தார். கடல் கொந்தளிப்பில் வந்த களைப்பு இன்னும் முகத்தில் கிடந்தது. அவன் கறுப்பு உடுப்பும் கண்ணில் மையும் போட்டு மேடைக்கு ஏறினான். நடந்த நடையே திமிராக இருந்தது. என் காலை வாரினான். மாஸ்ரர் அங்காலே திரும்பிய நேரம் பார்த்து முகத்துக்குப் பூசுகிற பவுடரை என் கண்ணில் வீசினான். என் கையை முறுக்கி, குப்புறப் போட்டு முதுகில் ஏறி இருந்தான். எல்லாம் முதல்தரமாகச் செய்தான்.

நான் ஒன்றை மறந்துபோனேன். எங்கள் ஊர் கூத்துப் பார்த்து வளர்ந்த ஊர். வேதசாட்சிகளைக் கொல்லுகிற கொடுங்கோல் ராசாவின் வேசத்துக்குத்தான் இங்கே அடிபிடி. நல்லவனாக நடிக்க யாரும் ஆசைப்படுவதில்லை. கொடியவன் எவ்வளவு கொடியவனாக வருகிறானோ, அவ்வளவுக்கு அவனை மெச்சுகிற சனம் இது. நான் கீழே கிடந்து ‘ஐயோ’ என்று கத்திக்கொண்டிருக்க, என் காதில் விழுந்தது இதுதான்:

“நல்லாச் செய்யிறான் பெடியன்.”

“நடையைப் பாத்தியளே? ராசா நடை.”

“பவுடர் எறிஞ்ச கையிலை ஒரு இது இருக்கு.”

கண்ணுக்குள் பவுடரோடு நான் சென்னைக்காரரைத் தேடினேன். அவர் கொட்டாவி விட்டார்.

அதைவிட மோசமானது அடுத்துத்தான் வந்தது. கூத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் திறமாக நடித்தால், கூத்து நடக்கும்போதே மேடைக்கு ஏறி மாலை போடுவார்கள். பாட்டு நிற்கும். ஆர்மோனியக்காரர் தண்ணீர் குடிப்பார். அதுவரை சிரச்சேதம் செய் என்று உறுமிக்கொண்டிருந்த ராசா கைகூப்பி, தலை குனிந்து மாலையை வாங்கி, வந்தவரைக் கட்டிப்பிடித்து அனுப்பிவிட்டு, விட்ட இடத்தில் இருந்து உறுமத் தொடங்குவார். வெளியூர்க்காரர் பார்த்தால் சிரிப்பார்கள். எங்களுக்கு அது மரியாதை.

அப்பா மாலையோடு ஏறினார். என்னுடைய அப்பா. அந்த வேசங்களை வருசக்கணக்கில் கட்டின ஆள். இரவுக் கூத்துக்கென்று மேசையில் வைத்திருந்த மாலைகளில் பெரியதைத் தூக்கிக்கொண்டு கயிற்றுக்குள்ளால் நுழைந்தார். பின்னால் அறிவிப்பாளர், “நீர்வேலியிலிருந்து வருகை தந்து, கொடியவன் பாத்திரத்தைத் திறம்பட ஏற்று நடிக்கும் எங்கள் அன்புத் தம்பிக்கு...” என்று தொடங்கிவிட்டார். பெற்ற மகன் கை முறுக்குப்பட்டுக் கிடக்கிறான், அவனைத் தாண்டிப் போய் முறுக்கினவனுக்கு மாலை. கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சென்னைக்காரர் ரெலிபோனைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மாலையை வாங்கினால் அவன் வில்லன் இல்லை, நல்ல பிள்ளை. வாங்காமல் தட்டிவிட்டால் ஒரு வயதுபோன மனிதரை அவருடைய ஊரிலேயே அவமானப்படுத்தினதாகும். அவன் அதைச் செய்யமாட்டான். சரியாகச் சொன்னால், செய்தால் அவன் என் நண்பன் இல்லை.

அவன் எழும்பினான். அப்பாவுக்கு முன்னால் தலை குனிந்தான். மாலை கழுத்தில் விழுந்ததும் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றினான். அப்பா கட்டிப்பிடித்தார். அவன் அவருடைய கையைப் பிடித்து, கீழ்க் கயிற்றைக் காலால் மிதித்து வழிவிட்டு, படியால் இறக்கினான். அப்பாவின் இரண்டு காலும் நிலத்தில் பட்டதைப் பார்த்த பிறகுதான் கையை விட்டான். சனம் கைதட்டியது. நானும் எழும்பி நின்று கைதட்டினேன். கதாநாயகன் என்பது எனக்கு மறந்தே போய்விட்டது.

பிறகு அவன் மாலையைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தான். தனக்குக் கிடைத்த மரியாதையைத் தோழனுக்கும் கொடுக்கிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். “பாத்தியே குணத்தை” என்று ஒரு பெண்குரல் கேட்டது. நான் தலையைக் குனிந்து கொடுத்தேன். இது நாங்கள் பேசிவைத்ததே இல்லை. மாலையை என் கழுத்தில் போட்டான், அடுத்த மூச்சில் பின்பக்கம் போய் அதை முறுக்கி இழுத்தான்.

என் விழி பிதுங்கியது நடிப்பில்லை, திகைப்பு. வாழைநாரில் கட்டிய மாலை, ஓர் இழுவைக்குத்தான் தாங்கும், பிறகு அறும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. நார் அறுந்து பூவெல்லாம் சிதற, அவன் என்னைத் தூக்கினான். வானம் தெரிந்தது, கோயில் கோபுரம் தெரிந்தது, பிறகு பலகை. பிடரிக்குக் கீழே அந்தக் கை இருந்தது. மாஸ்ரர் மூன்று எண்ணி முடித்தார், நான் தோற்றேன்.

பிறகு வளவு முழுக்க எழும்பியது. செருப்புகள் வந்தன. மண் வந்தது. ஒரு பிளாஸ்ரிக் கதிரை வந்து கயிற்றில் பட்டு விழுந்தது. நடையை மெச்சின அதே வாய்கள் அவனுடைய பரம்பரையையே இழுத்துத் திட்டின. மரியாதைக்குப் போட்ட மாலையால் மரியாதை செய்தவருடைய மகனையே நெரித்தவனை எங்கள் ஊர் மன்னிக்குமா? அவன் மேடை நடுவில் நின்று, காலில் கிடந்த பூவை ஒருதரம் பார்த்து, தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு இறங்கினான். சென்னைக்காரர் கதிரைக்கு மேல் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறைக்கல்வி வகுப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தினோம். சென்னைக்காரர் உள்ளே வந்து, “பாஸ்போர்ட் இருக்கா?” என்றுதான் முதலில் கேட்டார். அவன் இருக்கு என்றான்.

“வெளியில என் வேன் நிக்குது. நேரா வந்து ஏறு. யாரையும் பாத்துச் சிரிக்காத. இந்தக் கோவம் அப்படியே நாளைக்கு ஃபோன் ஃபோனா பரவணும்.”

“அந்த ஐயாவிட்டை ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வாறன்” என்றான் அவன்.

“போனா முடிஞ்சுது தம்பி. அத்தனை பேர் கையிலயும் ஃபோன் இருக்கு. வில்லன் மன்னிப்புக் கேட்டான்னு நாளைக்கு ஊரே சிரிக்கும்.”

அவன் என்னைப் பார்த்தான். “மச்சான், நான் அவரை அவமதிக்கேல்லை. அவர் இறங்கினாப் பிறகுதான்...”

“நான் சொல்லுறன். நீ போ” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அப்பாவிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கட்டிப்பிடித்த சூடு ஆறமுன்னம் நடந்த காரியம். அப்பா ரோசக்காரர்.

வெளியே வாசலுக்குப் பக்கத்தில் அப்பா நின்றார். சுற்றிவர நின்ற ஆட்கள் அவருக்காக ஆத்திரப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் வகுப்பறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது. “அப்பா, அது வந்து...” என்று தொடங்கினேன்.

“கதையாதை” என்றார்.

அவன் வெளியே வந்தான். கூச்சல் எழும்பியது. நாடியை நிமிர்த்தி, ஒருவரையும் பாராமல் வேனை நோக்கி நடந்தான். எங்களைக் கடக்கிற இடத்தில் மட்டும் கண் தவறிவிட்டது. அப்பாவைப் பார்த்துவிட்டான். பார்த்ததும் அவனுடைய கீழுதடு துடித்தது. கண்மை கரையத் தொடங்கியது. எனக்கு முன்னால் நின்ற பெண் கை ஓங்கினபடியே நின்று, “உவன் அழப்போறான் போலை கிடக்கு” என்றாள். கூச்சல் அந்த இடத்தில் ஒரு சுற்றுக் குறைந்தது. இரண்டொரு ரெலிபோன்கள் அவனுடைய முகத்துப் பக்கம் திரும்பின. சென்னைக்காரர் வேன் கதவைப் பிடித்தபடி உறைந்துபோய் நின்றார்.

அப்பா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னுக்குப் போனார்.

“போடா துரோகி” என்றார். அந்தக் குரலை நான் மேடையில்கூடக் கேட்டதில்லை. “மாலை போட்ட கையைக் கடிச்ச நாயே. இனி இந்த மண்ணிலை உன்ரை கால் படக்கூடாது. போ. திரும்பிப் பாராதை, போ.”

சனம் அவர் பக்கம் திரும்பியது. ரெலிபோன்களும் திரும்பின. பிறகு எல்லாரும் அவரோடு சேர்ந்து கத்தத் தொடங்கினார்கள். அந்தச் சத்தத்துக்குள் அவன் தலையைக் குனிந்து வேனுக்குள் ஏறினான், கதவு சாத்துப்பட்டது. அப்பா விடவில்லை. வேன் அசைந்து, வாசல் தாண்டி, கடற்கரை வீதியில் திரும்பி மறையும்வரை, கையை ஓங்கி ஓங்கி, தனக்குத் தெரிந்த எல்லா வசையும் திட்டிக்கொண்டே நின்றார்.

பிறகு என் தோளைப் பிடித்தார். முழுப் பாரத்தையும் என்மேல் போட்டு, மூச்சு வாங்கி, காதோடு கேட்டார்.

“பெடியன் அழுதிட்டானடா. ஆரும் கண்டவையே?”

“இல்லையப்பா. ஒருத்தரும் காணேல்லை.”

“அப்ப அது காணும், போதும்” என்றார். அதற்குப் பிறகுதான் அவர் அழுதார்.